நாய்க்குட்டி வாங்கும் முன் தாயைப் பாருங்கள்

முன்பணம் அனுப்பும் முன் ஒரு வீடியோ கால் கேளுங்கள்: குட்டிகளும் தாய் நாயும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். குட்டி ஈன்று இரண்டு மாதம் ஆகியும் தாயின் மடி சற்றுத் தொங்கலாகத்தான் இருக்கும்; விட்டால் குட்டிகள் காம்பைத் தேடி ஓடும். வெளியூரிலிருந்து குட்டிகளை வாங்கி விற்கும் தரகரிடம் தாய் இருக்காது. "போரூர் மேம்பாலத்துக்குக் கீழே வந்துடுங்க, கையில தர்றேன்" என்பார். வேறொரு பெண் நாயைக் காட்டினாலும் மடியே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து தடுப்பூசி அட்டை. மருந்துக் குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கர், அதில் பேட்ச் எண், பக்கத்தில் கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் வேண்டும். பேனாவில் தேதி மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பாதீர்கள், பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் வாங்கிய விலையைவிட மருத்துவச் செலவு அதிகமாகலாம். நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017 மத்திய அரசு விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவும் கூடாது.

தந்தை நாய் அங்கே இல்லாதது குறையல்ல, இணைசேர்க்க வெளியே கொண்டுபோவது வழக்கம்தான். ப்ளூ கிராஸ் போன்ற காப்பகத்தில் தத்தெடுப்பவர்களுக்கும், தெருவில் மீட்ட குட்டிகளுக்கும் இந்தத் தாய்ச் சோதனை பொருந்தாது.