ஒரே ஞாயிறு காலையில் பெங்களூரு சிலைகள்: கப்பன் பார்க்கிலிருந்து அல்சூர் வரை

ஊரிலிருந்து சித்தப்பா குடும்பமோ கல்லூரி நண்பர்களோ வந்தால், லால்பாக்கும் ஒரு மாலும் காட்டி அனுப்பிவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. சிலைகளைப் பார்க்கச் சீட்டு வேண்டாம், வரிசை வேண்டாம். அரை நாளில் இந்த ஊரை யார் யார் ஆண்டார்கள், யார் கட்டினார்கள் என்று புரிந்துவிடும். நான் உறவினர்களை அழைத்துப்போகும் வழியை அப்படியே தருகிறேன்.

படி 1: நாளும் நேரமும்

ஞாயிறுதான். அன்று கப்பன் பார்க்குக்குள் இருக்கும் சாலைகளில் வண்டி விடமாட்டார்கள். சிலையைச் சுற்றி வந்து பின்னால் நடந்து நடந்து படம் எடுக்கலாம், ஹாரன் சத்தம் இருக்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஞாயிறு மெட்ரோ காலை 7 மணிக்குத்தான் தொடங்கும். மற்ற நாள் பழக்கத்தில் ஆறு மணிக்கே நிலைய வாசலில் போய் நிற்காதீர்கள்.

கார் வேண்டவே வேண்டாம். நிறுத்த இடம் தேடுவதிலேயே காலை வெயில் ஏறிவிடும்.

படி 2: விக்டோரியா

மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் கப்பன் பார்க் நிலையத்தில் இறங்கி, சின்னசாமி மைதானத்தை ஒட்டி நடந்தால் எம்.ஜி. ரோடும் கஸ்தூர்பா ரோடும் கூடும் இடத்தில், பூங்காவின் மூலையில் விக்டோரியா மகாராணியின் பளிங்குச் சிலை. 1906-ல் அன்றைய வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தது. வடித்தவர் தாமஸ் பிராக், லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனை முன்னால் இருக்கும் விக்டோரியா நினைவுச்சின்னத்தைச் செய்த அதே சிற்பி. வெள்ளைக்காரர்களின் கண்டோன்மென்ட்டுக்கும் (ராணுவக் குடியிருப்புப் பகுதி) மைசூர் மன்னரின் நகரத்துக்கும் எல்லையாக இருந்தது இந்தப் பூங்கா. அது தெரிந்தால், எல்லையில் கொண்டுபோய் ராணியை நிறுத்தியதன் அர்த்தம் விளங்கும்.

படம் எடுப்பவர்களுக்கு: கைபேசியில் 0.5 பொத்தானைத் தொடாதீர்கள். பீடம் பூதாகரமாகவும் தலை எலுமிச்சம்பழம் அளவிலும் விழும். பத்தடி பின்னால் போய் 2x-ல் எடுங்கள். பெரிய கேமராவும் முக்காலியும் கொண்டுபோனால் காவலர் வந்து விசாரிப்பார், கைபேசியே தாராளம்.

படி 3: சேஷாத்ரி ஐயர்

பூங்காவுக்குள் நடங்கள். செக்கச் செவேலென்று ஒரு கட்டடம் தெரியும். அது சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம், இப்போது மாநில மத்திய நூலகம். அதன் முன்னால் நிற்பவர்தான் பாலக்காட்டுத் தமிழரான கே. சேஷாத்ரி ஐயர், 1883 முதல் 1901 வரை மைசூர் திவான். சிவனசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பும் திட்டம் இவர் காலத்தில் தொடங்கி 1902-ல் நிறைவேறியது. சேஷாத்ரிபுரம் இவர் பெயர்தான் என்று சொன்னால், அங்கேயே பல வருடம் குடியிருப்பவர்கள்கூட "அட, அப்படியா?" என்கிறார்கள்.

படி 4: மார்க் கப்பன் (இங்கேதான் எல்லோரும் வழி தவறுகிறார்கள்)

1834 முதல் 1861 வரை மைசூரின் பிரிட்டிஷ் கமிஷனராக இருந்தவர் மார்க் கப்பன். குதிரைமேல் அமர்ந்திருக்கும் இவருடைய வெண்கலச் சிலை நெடுங்காலம் உயர் நீதிமன்றத்தின் முன்னால் இருந்தது. பழைய பயணப் புத்தகம், பழைய புகைப்படம், பழைய இணையக் கட்டுரை எதை நம்பினாலும் நேரே நீதிமன்ற வாசலுக்குத்தான் போவீர்கள். அங்கே போலீஸ் நிற்கும், உள்ளே விடமாட்டார்கள், கம்பி வழியே எட்டிப் பார்த்தாலும் குதிரை இருக்காது.

சிலையை 2020-ல் அங்கிருந்து எடுத்துப் பூங்காவுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். ஆகவே நீதிமன்ற வாசலைத் தேடிப் பூங்காவை விட்டு வெளியே போகாதீர்கள். உள்ளே காவலரிடமோ, நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களிடமோ "குதிரைச் சிலை எங்கே?" என்று கேளுங்கள். கப்பன் பெயரைச் சொன்னால் "இதுதான் கப்பன் பார்க்" என்று மொத்தப் பூங்காவையும் காட்டுவார்கள்! கூகுள் மேப் இந்த மாதிரிப் பூங்காவுக்குள் எனக்குப் பிடிப்பதில்லை, சாலையைத்தான் காட்டும். ஓபன் ஸ்ட்ரீட் மேப்பை வைத்து இயங்கும் செயலி எதிலாவது ஒற்றையடிப் பாதைகூடத் தெரியும், நெட் இல்லாமலும் வேலை செய்யும்.

படி 5: விதான சௌதா

1956-ல் கட்டி முடித்த விதான சௌதாவின் (கர்நாடகச் சட்டமன்றக் கட்டடம்) முன்னால் அம்பேத்கர், நேரு சிலைகள். சமூகச் சீர்திருத்தவாதி பசவண்ணர், பெங்களூரை நிறுவிய கெம்பேகௌடர் சிலைகள் 2023-ல் வந்தவை. சாலையிலிருந்து பார்த்துக்கொண்டு நகருங்கள்.

படி 6: அல்சூரில் வள்ளுவர்

மறுபடி ஊதா வழித்தடம். ஹலசூரு (அல்சூர்) நிலையத்தில் இறங்கி, அல்சூர் ஏரிக்கு ஆட்டோ பிடித்துத் தமிழ்ச் சங்கம் என்று சொல்லுங்கள். ஏரிக்கு எதிரே இருக்கிறது, அங்கே யாரைக் கேட்டாலும் சிலைக்கு வழி சொல்வார்கள், தமிழிலேயே.

மற்றச் சிலைகளில் ஐந்து நிமிடம் நின்றால், இங்கே அரை மணி நேரம் நில்லுங்கள். 1991-ல் நிறுவிய சிலை இது. கன்னட அமைப்புகளின் எதிர்ப்பாலும், காவிரிக் கலவரத்தாலும் திறப்பு விழா நின்றுபோனது. அதன்பின் பதினெட்டு வருடம் வள்ளுவர் மூடிய துணிக்குள்ளேயே இருந்தார். இந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு வள்ளுவர் என்றால் ஒரு மூட்டைதான். கடைசியில் 2009 ஆகஸ்ட் 9 அன்று, எடியூரப்பா முதல்வராக இருக்கும்போது கலைஞர் கருணாநிதி வந்து திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, பதிலுக்குச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. சென்னைக்குப் போகும்போது அதையும் பார்த்துவிடுங்கள், அப்போதுதான் கணக்கு நேராகும்.

தை இரண்டாம் நாள், திருவள்ளுவர் தினத்தன்று போனால் மாலையும் கூட்டமுமாக இருக்கும். படம் சரியாக வராது, ஆனால் போக வேண்டிய நாள் அதுதான்.

பின்சேர்க்கை

பெற்றோரை அழைத்துப்போன சிலர் நடை அதிகம் என்றார்கள். அப்படியானால் 2-ஆம், 5-ஆம் படிகளை விட்டுவிடுங்கள். சேஷாத்ரி ஐயரும் கப்பனும் வள்ளுவரும் போதும்.

கல்வெட்டு கன்னடத்தில் இருந்தால் கூகுள் லென்ஸ் சுமாராகப் படித்துச் சொல்லும். பாதி வெயிலும் பாதி நிழலும் விழுந்த எழுத்தில் உளறும், குடையை விரித்து வெயிலை மறைத்து எடுங்கள்.

விமான நிலையத்தில் இருக்கும் 108 அடிக் கெம்பேகௌடர் சிலையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கிறார்கள். 2022 நவம்பரில் திறந்தது, ராம் சுதார் வடித்தது, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்காக மட்டும் நகரத்திலிருந்து அவ்வளவு தூரம் போய்வர வேண்டாம். விருந்தாளியை விமானம் ஏற்றிவிடப் போகும் நாளில் அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள்.