தீவாந்திரம் போனவரைத் தேடும்போது வடாற்காட்டுக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீவாந்திர தண்டனை, அதாவது வெள்ளைக்காரர் ஆட்சியில் கடல் கடந்து நாடுகடத்தும் தண்டனை பெற்ற மூதாதையைத் தேடுபவர்களில் பலர் இன்றைய மாவட்ட வரைபடத்தை வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அவர் வேலூர்ப் பக்கத்துக்காரர் என்றால் வேலூர்க் கோப்புகளைக் கேட்கிறார்கள். ஆனால் வேலூர் அப்போது இருந்தது வடாற்காடு ஜில்லாவில், 1911 வரை அதற்குத் தலைமையிடம் சித்தூர். கலெக்டரும் ஜில்லா ஜட்ஜும் இருந்தது அங்கேதான். குடியாத்தத்தில் நடந்த கொள்ளையானாலும் வாலாஜாவில் நடந்த கொலையானாலும் வழக்கைச் சித்தூர் பெயரில்தான் தேட வேண்டும். திருப்பத்தூர் தாலுகா அப்போது சேலத்தோடு இருந்தது, திருவண்ணாமலை தென்னாற்காட்டில் இருந்தது. அந்த ஊர்க்காரர்களை வடாற்காட்டுப் பதிவில் தேடிப் பயனில்லை. 1862இல் சென்னை உயர் நீதிமன்றம் வரும்வரை கடுந்தண்டனை வழக்குகள் கம்பெனியின் தலைமைக் குற்றவியல் நீதிமன்றமான சென்னை பௌஜ்தாரி அதாலத்துக்குப் போயின. ஆகவே எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நீதித்துறைப் பதிவுகளைக் கேளுங்கள். 1806 வேலூர்ப் புரட்சிச் சிப்பாய்கள் மட்டும் விலக்கு. அவர்களை விசாரித்தது ராணுவ நீதிமன்றம் என்பதால் ராணுவத் துறைப் பதிவுகளைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பெயர். முனிசாமி, கோவிந்தன் என்று ஒரே தாலுகாவில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அதிலும் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது வேறு. குடியாத்தம் 'கோரியாட்டம்' ஆகியிருக்கும், வந்தவாசி 'வாண்டிவாஷ்'. பெயர் பொருந்திவிட்டது என்று உடனே குடும்ப மரத்தில் சேர்த்துவிடாதீர்கள். கைதியோடு அனுப்பிய அங்க அடையாளப் பட்டியல் கிடைத்தால் அதை வரி வரியாகப் படியுங்கள். தகப்பன் பெயர், சாதி, ஊர், உயரம், மச்சம், தழும்பு எல்லாம் அதில் இருக்கும். தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தினால்தான் அவர் உங்கள் ஆள். அந்தமானில் கைதியின் கழுத்தில் ஒரு மரவில்லை தொங்கும். எண், தண்டனைச் சட்டப் பிரிவு, தீர்ப்புத் தேதி ஆகியவை அதில் இருக்கும். அந்தக் கைதி எண் ஒன்று கையில் சிக்கினால் விடாதீர்கள், அங்கிருந்து மேலே தேட அதுதான் பிடி.

தீவாந்திரம் என்றாலே அந்தமான் என்று நினைப்பதும் தவறுதான். அந்தமான் குடியேற்றம் தொடங்கியது 1858இல். அதற்கு முன் தண்டிக்கப்பட்டவர் பென்கூலன் (சுமத்ரா), பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர், மோல்மீன் (பர்மா) இவற்றில் ஒன்றுக்குப் போயிருப்பார். 1825இல் பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனபோது அங்கிருந்த கைதிகளை மற்ற இடங்களுக்கு மாற்றினார்கள். சென்னைக் கைதிகள் சிங்கப்பூருக்கு வந்ததும் அந்த வருடம்தான். ஆக, ஒரே ஆளின் கதை இரண்டு துறைமுகப் பதிவுகளில் பிரிந்து கிடக்கலாம். முதலில் தீர்ப்பு வருடத்தைக் கண்டுபிடியுங்கள், தேட வேண்டிய இடங்கள் பாதியாகக் குறைந்துவிடும்.

'தாத்தாவைக் கப்பலேற்றிவிட்டார்கள்' என்ற வீட்டுப் பேச்சையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும், 1903 முதல் ஃபிஜிக்கும் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். வடாற்காட்டிலிருந்து போனவர்கள் ஏராளம். அவர் கூலியாகப் போனவர் என்றால் குடியேற்றச் சீட்டில் தேட வேண்டும், தீர்ப்பில் அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, கண்ணியமாக உழைக்கப் போன ஒருவரைக் குற்றவாளி என்று பதிந்துவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சரி, கப்பலேறிய பதிவு கிடைத்தது, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. உடனே 'அங்கேயே செத்தார்' என்று எழுதிவிடாதீர்கள். சிங்கப்பூரில் விடுதலையான பலர் அங்கேயே தொழில் செய்து தங்கிவிட்டார்கள். அந்தமானிலும் நன்னடத்தையோடு சில வருடம் கழித்தவர்களுக்கு நிலம் கொடுத்துத் தனியே பிழைக்கவிட்டார்கள், கைதிப் பெண்களை மணந்து குடும்பமாக வாழ்ந்தவர்களும் உண்டு. போர்ட் பிளேரில் இருந்த ஆவணங்களில் பெரும்பகுதி 1942-45 ஜப்பானிய ஆக்கிரமிப்பில் அழிந்தது. ஆனாலும் அங்கிருந்து மேலிடத்துக்குப் போன கடிதங்களும் அறிக்கைகளும் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறையின் போர்ட் பிளேர்ப் பிரிவில் இருக்கின்றன. காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் ஒரு பகுதியை வீட்டிலிருந்தே தேடலாம். தேடும்போது பெயரை மட்டும் தட்டாமல், ஊரின் பழைய எழுத்துக்கூட்டலையும் தீர்ப்பு வருடத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.