டீசல் லாரியில் சென்சார் பழுதை உறுதி செய்வது எப்படி

சுமையேற்றிய லாரி ஏற்றத்தில் இழுவை இழந்து, செக் என்ஜின் விளக்கும் எரியத் தொடங்கினால், பட்டறையில் முதலில் ஸ்கேனரை மாட்டுவார்கள். அதில் ரயில் பிரஷர் சென்சார் (டீசல் குழாயின் அழுத்தத்தை அளப்பது) என்று வந்தவுடன் புதிய சென்சார் வாங்க ஆள் புறப்பட்டுவிடுவார். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதியதைப் பொருத்திய பிறகும் விளக்கு அணையாமல் இருப்பதுண்டு. ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீடு, சென்சார், அதற்குச் செல்லும் வயர்கள், இடையிலுள்ள கனெக்டர், எர்த், இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஆகிய எல்லாம் சேர்ந்த ஒரு சுற்றையே குறிக்கிறது. அந்தச் சுற்றில் பழுது எங்கே என்பதைச் சொல்ல, மின்னழுத்தமும் மின்தடையும் அளக்கும் மல்டிமீட்டர் வேண்டும்.

2017 ஏப்ரலில் பிஎஸ் 4, 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்று புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பின் விற்பனையான கனரக லாரிகள் பெரும்பாலும் காமன் ரயில் என்ஜின் கொண்டவை; அதாவது, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் ‘ரயில்’ எனப்படும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும். அவற்றின் ரயில் குழாயில் டீசல் 1,600 பாருக்கும் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கக்கூடும். ஆகவே என்ஜின் ஓடும்போது அந்தக் குழாய்களின் நட்டைத் தளர்த்துவதோ, கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதோ கூடாது. மெல்லிய தாரையாகப் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். சென்சார் வயர்களில் 24 வோல்ட் டெஸ்ட் லேம்ப்பை வைப்பதும் ஆபத்து, ஏனெனில் சென்சார்களுக்கு இசியூ தருவது 5 வோல்ட் மட்டுமே.

குறியீட்டை அழிப்பதற்கு முன் அதை முழுமையாக எழுதிக்கொள்ள வேண்டும். பி 0193 என்றால் ரயில் அழுத்தச் சுற்றில் மின்னழுத்தம் அதிகம், பி 0192 என்றால் குறைவு. கனரக வாகனங்களுக்கான ஜே 1939 என்ற குறியீட்டு முறையில் இதே சுற்று எஸ்பிஎன் (எந்தச் சுற்று என்பதற்கான எண்) 157 என்று வரும். அதனுடன், பழுதின் வகையைச் சொல்ல வரும் எஃப்எம்ஐ 3 மின்னழுத்தம் அதிகம் என்பதையும், எஃப்எம்ஐ 4 குறைவு என்பதையும் காட்டும். இந்தச் சிறு வேறுபாட்டிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. மின்னழுத்தம் அதிகம் என்றால் எர்த் வயரோ சிக்னல் வயரோ அறுந்திருக்கலாம். குறைவு என்றால் 5 வோல்ட் வராமலோ, சிக்னல் வயர் பாடியில் உரசியோ இருக்கலாம். பி 0087 வந்தால் கதையே வேறு: அங்கே சென்சார் உண்மையைச் சொல்கிறது, அழுத்தம் நிஜமாகவே குறைந்திருக்கிறது. டீசல் ஃபில்டர் அடைப்பு, காற்றுப் புகுதல், இன்ஜெக்டரின் திரும்பு கசிவு (பீய்ச்சப்படாமல் டேங்குக்குத் திரும்பும் டீசல் மிகுதல்) ஆகியவற்றைத்தான் அப்போது பார்க்க வேண்டும்.

அடுத்து கண்ணால் பார்க்கும் வேலை. வயரிங் பிராக்கெட்டில் உரசிய இடம், எலி கடித்த இடம், கனெக்டரின் உள்ளே பச்சை பூத்த உலோகப் பின், உடைந்த லாக் ஆகியவற்றைத் தேட வேண்டும். ஆயுத பூஜைக்காக என்ஜினை அழுத்த நீரால் கழுவிய மறுநாள் விளக்கு எரிந்தால், கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்ததா என்பதே என் முதல் சந்தேகமாக இருக்கும்.

ரயில் பிரஷர் சென்சாருக்கு மூன்று வயர்கள்: 5 வோல்ட், சிக்னல், எர்த். சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, பிறகு என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்யவும். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை 5 வோல்ட் பின்னிலும் வைத்தால் ஏறத்தாழ 5 வோல்ட் காட்ட வேண்டும். பின்னர் கறுப்பு முனையை மட்டும் கனெக்டரின் எர்த் பின்னுக்கு மாற்றவும். முன்பு வந்த அளவு இப்போது வராவிட்டால் பழுது எர்த் வயரில் இருக்கிறது, சென்சாரின் மேல் குற்றமில்லை. முதல் அளவீட்டிலேயே 5 வோல்ட் வராமல், அதே நேரத்தில் வேறு இரண்டு மூன்று சென்சார்களுக்கும் குறியீடு வந்திருந்தால், அதே 5 வோல்ட்டைப் பகிரும் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ, அதுவோ அதன் வயரோதான் மற்றவற்றையும் இழுத்துக் கீழே தள்ளியிருக்கிறது.

வயர்கள் சரியாக இருந்தால் கனெக்டரை மாட்டி, அதன் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செருகி சிக்னலை அளக்கலாம். வயரின் உறையைக் குத்தக் கூடாது. அந்த ஓட்டை வழியே நீர் புகுந்து சில மாதங்களில் புதிய பழுதை உண்டாக்கும். என்ஜின் நின்று, அழுத்தம் முழுதும் இறங்கிய பிறகு பெரும்பாலான சென்சார்கள் 0.5 வோல்ட் காட்டும். அழுத்தம் கூடக் கூட இது தடுமாறாமல் 4.5 வோல்ட்டை நோக்கி ஏறும். நின்ற என்ஜினில் ஸ்கேனர் இன்னும் 100, 150 பார் என்று காட்டிக்கொண்டிருந்தால், வயரிங்கும் மேற்படி சோதனைகளில் தேறியிருந்தால், அந்தச் சென்சாரை மாற்றத் தயங்க வேண்டாம்.

இரண்டு வயர் கொண்ட கூலண்ட் வெப்ப சென்சாரைச் சோதிப்பது இதைவிட எளிது. இரவெல்லாம் நின்ற லாரியில், காலையில் என்ஜினை இயக்குமுன், கூலண்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றினால் பல வண்டிகளில் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி காட்டும், அல்லது திறந்த சுற்று என்ற குறியீட்டைப் பதியும். கனெக்டரின் இரு பின்களையும் சிறு வயரால் இணைத்தால் ஸ்கேனர் காட்டும் வெப்பம் உச்சத்துக்கு ஏறும். இரண்டும் நடந்தால் வயரும் இசியூவும் நலம். பரவலாகப் புழங்கும் ஒரு வகை சென்சாரின் மின்தடை 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 100 டிகிரியில் 190 ஓமுக்குச் சற்றுக் கீழே இருக்கும். உங்கள் வண்டிக்கான அளவை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும்.

டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சார், நின்ற என்ஜினில் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும்: சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி, ஊட்டியில் 78 அளவில். மலைமேல் நிற்கும் வண்டியில் குறைந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. என்ஜின் சுழலும் வேகத்தைச் சொல்லும் கிராங்க் சென்சார் சந்தேகமானால், ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யத்திலேயே நிற்கிறதா என்று பார்த்து, பிறகு அதைக் கழற்றி முனையில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம். காந்தப்புலத்தை உணரும் மின்னணுச் சில்லு கொண்ட ஹால் வகை சென்சாரை ஓம் மீட்டரால் அளக்கக் கூடாது.

விட்டு விட்டு வரும் பழுதுக்கு, என்ஜினை ஓடவிட்டு ஸ்கேனரில் எண்ணைப் பார்த்தபடியே, சுழலும் பாகங்களுக்குக் கை எட்டாமல், வயரிங்கை முழம் முழமாக அசைத்துப் பார்க்க வேண்டும். எண் எங்கே துள்ளுகிறதோ அங்கே உறையைப் பிரிக்கலாம். பழுது நீக்கியதும் குறியீட்டை அழித்து, காலி வண்டியாக அன்றிச் சுமையோடு ஓர் ஏற்றத்தில் ஓட்டி, மறுபடி ஸ்கேனர் மாட்டிப் பார்த்த பிறகே லாரியை ஓட்டுநரிடம் ஒப்படைக்கவும்.