பசங்கள வச்சு போட்டோ கதை பண்ணப் போறீங்களா, இதையெல்லாம் விட்ருங்க

லீவு விட்டா போதும், கடலூர் பாண்டிச்சேரி பக்கம் பசங்களுக்கு போட்டோகிராஃபி கேம்ப் நடத்த ஆளுங்க வந்துடறாங்க, நல்ல விஷயம்தான். ஆனா சமீபத்துல ஒரு கேம்ப்ல புது வாலண்டியர்ஸ் பக்கத்துல உக்காந்து பார்த்தேன், நாங்க ஒரு காலத்துல சொதப்புன அதே சொதப்பல் வரிசை மாறாம நடக்குது. லென்ஸ் துடைக்கல, சார்ஜ் போடல மாதிரி மேட்டர நான் சொல்ல வரல, அதெல்லாம் ரெண்டாவது நாளே தானா சரியாயிடும்.

"நல்ல கேமரா இல்லையே"

அம்மாவோட பழைய போன் போதும்.

தலைப்பு குடுக்கிறது

"இயற்கை", "ஒற்றுமை"ன்னு குடுத்தா கட்டுரைப் போட்டின்னு நினைச்சுக்கிட்டு ஆளுக்கொரு செம்பருத்தி எடுத்துட்டு வருவாங்க. கேள்வியா கேளுங்க. உங்க வீட்ல கடைசியா சாப்பிடறது யாரு? உங்க தெருவுல பசங்க எல்லாம் யாரப் பாத்தா ஓடறீங்க? பதில நாலு வரி எழுதிட்டு அப்புறம் போய் எடுக்கச் சொல்லுங்க. வெண்டி ஈவால்ட்னு ஒரு அமெரிக்க போட்டோகிராஃபர், 1970கள்லயே கென்டக்கி மலைப்பகுதி பசங்க கையில கேமராவ குடுத்து அவங்க வாழ்க்கைய அவங்களையே எடுக்க வச்சவங்க, அவங்க முறையில எழுத்தும் படமும் சேர்ந்தேதான் போகும். எழுதத் தெரியாத சின்னப் பசங்கன்னா வாயால சொல்லட்டும், நீங்க எழுதுங்க, அவங்க சொன்ன வார்த்தையிலயே.

ஒயிட் டவுன் கூட்டிட்டுப் போறது

பாண்டிச்சேரியோட பழைய பிரெஞ்சுத் தெருங்க, மஞ்சச் சுவரு, போகன்வில்லா. எல்லா ரீல்ஸ்லயும் இருக்கு. பக்கத்துல குருசுக்குப்பம் பையனுக்கு அவன் தெரு இருக்கு, அங்கயே எடுக்கட்டும்.

சோகம் கேக்கறது

வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு கடலூர்னா சுனாமி, தானே புயல். "நீங்க என்ன இழந்தீங்க"ன்னு ஏழாவது படிக்கிற பையன கேக்கறாங்க. சுனாமி 2004 டிசம்பர், தானே 2011 டிசம்பர், ரெண்டு தடவையும் அவன் பொறக்கவே இல்லப்பா! பாவம் அவனும் பாட்டி சொன்னத ஒப்பிக்கிறான். 2024 நவம்பர் கடைசில வந்த ஃபெஞ்சல் புயல் அவனுக்கு நல்லா ஞாபகம் இருக்கும், ஆனா அதையும் அவனா எடுத்தாதான். பெண்ணையாத்துத் தண்ணி வீட்டுக்குள்ள வந்த ஒரு பையன், சுவத்துல கறை நின்ன உயரத்துல தன் தம்பிய நிக்க வச்சு எடுத்தான், கறை தம்பி காதுகிட்ட இருந்துச்சு. யாரும் சொல்லித் தரல.

படத்த நீங்க செலக்ட் பண்றது

இதுதான். இத நினைச்சா இன்னைக்கும் எனக்கு பத்திக்கிட்டு வரும்.

கடலூர் முதுநகர் பக்கம் ஒரு கேம்ப், ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு, அம்மா ஹார்பர்ல ஏலத்துல மீன் எடுத்து கூடையில கொண்டு போய் விக்கிறவங்க. கேமராவ ராத்திரி வீட்டுக்கே குடுத்து அனுப்பியிருந்தோம். விடியறதுக்கு முன்னாடி அம்மா கிளம்பறது, ஏலக் கூட்டத்துல முதுகுங்க, கூடைய தலையில தூக்கி விடற கை, சாயங்காலம் ஆணியில காயப்போட்ட சும்மாடுன்னு எடுத்துட்டு வந்துச்சு. பாதி இருட்டு, பாதி பிளர். வெளிச்சம் கம்மியா இருந்தா ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்கும், அந்த நேரத்துல எது அசைஞ்சாலும் இழுத்துக்கிட்டுதான் தெரியும், அது அந்தப் பொண்ணோட தப்பே இல்ல, அம்மா அவசரமா நடக்கறது படத்துல அப்படியே தெரியுது, அவ்ளோதான்.

ஒரு வாலண்டியர் அண்ணன், நல்ல மனுஷன்தான், கண்காட்சிக்கு நேரமாச்சுன்னு மெமரி கார்ட வாங்கி "வேஸ்ட்" எல்லாத்தையும் அழிச்சுட்டு, சூரியன் உதிக்க படகு போற ஒரே ஒரு படத்த பெருசா பிரிண்ட் போட்டுட்டாரு. மறுநாள் வந்தவங்க அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னு "சூப்பர்மா, இதப் பத்தி சொல்லு"ன்னா அந்தப் பொண்ணுக்கு சொல்ல ஒண்ணும் இல்ல, ஏன்னா அந்தப் படகு யாருதுன்னே அதுக்குத் தெரியாது. "அண்ணா, சும்மாடு படம் எங்க"ன்னு மட்டும் கேட்டுச்சு. அது காயலன்னா காலைல அம்மாவுக்கு தல நாறுமாம், அதுக்குத்தான் எடுத்துச்சாம். கதையே அதுதான்யா!

பழைய டிஜிட்டல் கேமரால டிராஷ் எல்லாம் கிடையாது. அழிச்ச உடனே கார்ட கழட்டி தனியா வச்சிருந்தாலாவது ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு கொஞ்சம் மீட்டிருக்கலாம், அன்னைக்கே அதே கார்டுல குரூப் போட்டோ, சமோசா தட்டுன்னு மேல மேல எடுத்து மொத்தமா போச்சு. போன்ல எடுத்திருந்தா கொஞ்சம் தப்பிக்கலாம், கூகுள் போட்டோஸ் டிராஷ்ல பேக்கப் ஆன படம் 60 நாள், ஆகாதது 30 நாள் இருக்கும். அதனால முதல் வேலை, கார்டு கைக்கு வந்ததும் எல்லாத்தையும் அப்படியே லேப்டாப்புல காப்பி பண்ணுங்க, ஒண்ணுகூட அழிக்காம.

அப்புறம் சின்னச் சின்ன பிரிண்ட் போட்டு, காசு இல்லன்னா ஒரு ஏ4ல எட்டு படம் வர்ற மாதிரி ஜெராக்ஸ் கடையில எடுத்து வெட்டி, தரையில பரப்பி விடுங்க. அந்தப் புள்ளையே அடுக்கட்டும். "இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? அப்புறம்?" இந்த ரெண்டு கேள்விதான் உங்க வேலை. கைய பின்னாடி கட்டிக்கிட்டு உக்காருங்க, நிஜமாவே, ஏன்னா நல்ல படத்தப் பாத்தா உங்க கை தானா நீளும். ஏதாவது படம் காணோம்னு அதுவே சொல்லும், கேமராவ குடுத்து திரும்ப அனுப்புங்க. கேப்ஷன் அது பேசற மாதிரியே இருக்கட்டும், தமிழ் மிஸ் மாதிரி திருத்தாதீங்க.

கேக்காம எடுக்கறது

யாரப் படம் எடுத்தாங்களோ அவங்ககிட்ட அதக் காட்டணும், அவங்க வேணாம்னா வேணாம்.

லொகேஷன்

போன்ல எடுத்தா எடுத்த இடமும் படத்தோட சேர்ந்து பதிவாகும், கேமரா செட்டிங்ஸ்ல லொகேஷன ஆஃப் பண்ணுங்க. வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புனா லொகேஷன் விவரம் அழிஞ்சிடும், டாக்குமெண்டா அனுப்புனா அப்படியே ஒட்டிக்கிட்டு வரும், புள்ள வீடு எங்கன்னு மேப்புல காட்டும். குவாலிட்டி குறையக்கூடாதுன்னு டாக்குமெண்டா அனுப்பறவங்கதான் ஜாஸ்தி, பாத்துக்கங்க.

பரிசு

முதல் பரிசு ரெண்டாம் பரிசு எல்லாம் வேணாம். ஒரு தடவ சூரிய உதயத்துக்கு குடுத்தாங்க, அடுத்த கேம்ப்ல சில்வர் பீச்ல மொத்தப் பசங்களும் கிழக்க பாத்து நிக்கிறாங்க, பின்னாடி வலை இழுக்கறவங்க பக்கம் ஒருத்தனும் திரும்பல.