மாடல் கட்டடம்: ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர்

மாடல் ரயில்களுக்கான எச்ஓ (HO) அளவில், அதாவது 1:87-ல், நிஜ ஓர் அடி மூன்றரை மில்லிமீட்டர். இந்தக் கணக்கை மறப்பதுதான் முதல் தவறு. பாகங்களை ஒட்டிக் கட்டும் ஐரோப்பிய மாடல் ரயில்வே கட்டடக் கிட் ஒன்றை மதுரை மேல மாசி வீதிக் கடை வீடாக மாற்றியபோது மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைக் கண்ணளவிலேயே வெட்டி ஒட்டினேன், 20 மில்லிமீட்டர். ஐந்தரை அடி ஆளே அந்த அளவில் 19 மில்லிமீட்டர்தான். பொம்மையை மாடியில் நிறுத்தினேன், தலை தெரியவில்லை! மூன்றடிச் சுவருக்குப் பத்தரை போதும்.

ஐரோப்பியக் கிட்டில் பனி வழிந்து விழச் செங்குத்தாகச் சரித்த கூரையை அப்படியே விட்டு, தமிழ்ப் பெயர்ப் பலகை மட்டும் மாட்டினாலும் வீடு மதுரைக்கு வந்துசேராது. கூரையைக் கழற்றிவிட்டுத் தட்டையான பிளாஸ்டிக் ஷீட்டைப் போடுங்கள்.

பெயிண்டுக்கு முன் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து ஒட்டி வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் பெயிண்ட் உரியும். சித்திரை வெயிலில் நண்பகலில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். சுவரைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து மணல் ஒட்டியதுபோல் சொரசொரக்கும். விடிகாலைதான் சரி.

அதிகம் சொதப்புவது அழுக்கு ஏற்றுவதில். முழுச் சுவருக்கும் ஒரே மாதிரி பழுப்பு பூசினால் பழைய வீடாகத் தெரியாது, தேநீரில் முக்கியதாகத் தெரியும். மழை முடிந்த மறுநாள் ஏதாவது ஒரு பழைய சுவர் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சன்ஷேடின் இரு முனைகளிலிருந்து கறுப்புக் கோடுகள் இறங்கியிருக்கும். அதன் நேர் கீழே சுவர் ஓரளவு சுத்தமாக இருக்கும். மாடித் தண்ணீர் கொட்டும் குழாயடியில் பாசி. தரையோரம் செம்மண் தெறிப்பு, பெரும்பாலும் ஓரடி. மாடலில் அது மூன்றரை மில்லிமீட்டர்தான், பாதிச் சுவர் வரை ஏற்றாதீர்கள். கோடுகளுக்குச் சுத்தக் கறுப்பும் வேண்டாம், கரும்பழுப்பு போதும்.

நிறமும் அப்படித்தான். மீனாட்சியம்மன் கோயில் மதில் காவியை அச்சு அசலாகக் கலந்து சிறிய சுவரில் பூசினால் அடர்ந்து தெரியும். கொஞ்சம் வெள்ளை கலந்து வெளுக்க வையுங்கள்.

ஜன்னலுக்குச் சூப்பர் க்ளூ வேண்டாம், அதன் ஆவி பட்டு கண்ணாடித்தாள் வெண்மை படரும். ஃபெவிகால் போதும்.

அப்புறம், உள்ளே எல்இடி வைப்பவர்கள் உட்சுவருக்கு முதலில் கறுப்பு அடியுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய பிளாஸ்டிக் சுவரே காகித விளக்குபோல ஒளிரும். எனக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது. அதனால்தான் என் கடை வீட்டின் மாடியை இன்னும் ஒட்டாமல் சும்மா மேலே வைத்திருக்கிறேன்.