கேரளத்தின் தேவிகுளத்தில் சட்ட முகாம் நடத்த: இளம் வழக்கறிஞருக்கு

பொதுப்பணிக்கு வர விரும்பினால், முதலில், இலவச சட்ட உதவி தரும் தாலுகா சட்டப் பணிகள் குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேருங்கள். அந்தக் குழுவின் பெயரிலேயே முகாமை நடத்துங்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலைநாளில் கூட்டினால் யாரும் வர முடியாது. ஞாயிறு காலையில், லயத்துக்குப் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பக்கத்திலேயே வையுங்கள்.

வருபவரிடம் வருமானச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்புவதுதான் பெரிய தவறு. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோர் இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பே கிடையாது.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். குறைதீர்ப்பு மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் தர அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு உரிமை தருகிறது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இல்லையென்றால் பிறகு, மனு வரவே இல்லை என்பார்கள்.

வழக்குகளைச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) மிகுந்த கவனம் வேண்டும். அங்கே முடியும் சமரசம் சிவில் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒப்பந்தம் பெரும்பாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தொகை, தவணைத் தேதி, தவறினால் என்ன என்பதை வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டி, அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அதன்பிறகே கையெழுத்து. அவசரப்படுத்தினால் ஒரு குடும்பத்தின் பாத்தியதையே போய்விடும்.

முகாமில் உங்கள் விசிட்டிங் கார்டைக் கொடுக்காதீர்கள்; பார் கவுன்சில் விதி 36 வழக்கு பிடிப்பதைத் தடை செய்கிறது. இலவச உதவி பெறும் கட்சிக்காரரிடம் பஸ் செலவுக்குக்கூடப் பணம் வாங்கக் கூடாது.