ஓட்டல் தோட்டத்தில் சாய்ந்தபடி நட்சத்திரம் பார்ப்பது எப்படி?

கடலோர ஓட்டலில் அறை போடுகிறவர்கள் "ஜன்னலில் கடல் தெரியுமா?" என்று கேட்பார்கள். நான் "தோட்டத்திலிருந்து கடல் எந்தத் திசையில்?" என்று கேட்பேன். கடல் இருக்கிற பக்கம் மட்டும்தான் கட்டடமோ மரமோ தெருவிளக்கோ கிடையாது; வானம் தண்ணீர் வரை இறங்கி வரும். ஆகவே கடலின் திசையை வைத்துத்தான் உங்கள் இரவின் திட்டமே.

படி 1: திசையும் நிலவும்

கடல் கிழக்கே என்றால் நட்சத்திரங்கள் நீரிலிருந்து எழுவதைப் பார்க்கலாம். மேற்கே என்றால் மூழ்குவதை. தெற்கே என்றால் யோகம்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து நிலவு. அமாவாசையை ஒட்டிய நாட்கள் நல்லவை. அந்த நாள் வாய்க்கவில்லையா? நிலவு நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். பௌர்ணமி கழிந்து நான்கைந்து நாளில் போனால் முன்னிரவு முழுக்க இருட்டு கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: அமாவாசையை ஒட்டிக் கடல் ஓதம், அதாவது நீரேற்றம், வழக்கத்தைவிட உயரமாக ஏறும். நாற்காலியை மணலுக்குத் தூக்கிப் போக வேண்டாம், தோட்டமே போதும்.

படி 2: விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்

கூச்சப்படாதீர்கள். பகலிலேயே வரவேற்பில் சொல்லி வைத்தால், ஒரு மணி நேரம் தோட்ட விளக்கை அணைத்துத் தருவார்கள். முடியாது என்றால், விளக்கு முகத்தில் அடிக்காதபடி ஒரு சுவரின் நிழலில் உட்காருங்கள். கூடவே, புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் எத்தனை மணிக்குத் திறக்கும் என்றும் கேளுங்கள். நான் கேட்கவில்லை. இரவு பதினொன்றுக்குத் தொப்பலாக நனைந்து அறைக்குத் திரும்பினேன்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரே ஒருமுறை செல்போனைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். டார்ச்சின் முகத்தில் சிவப்பு செலோபன் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். மங்கலான சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது.

படி 3: பைனாகுலர்

தொலைநோக்கி இப்போதைக்கு வேண்டாம். 7×50 அல்லது 10×50 பைனாகுலர் போதும் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் அகலம் மில்லிமீட்டரில்). ஏசி அறையிலிருந்து நேராக வெளியே கொண்டு வந்தால் கடற்காற்றின் ஈரம் லென்ஸில் பனியாகப் படியும். அரை மணி நேரம் முன்னதாகவே பையோடு வெளியே வைத்துவிடுங்கள். உப்புப் படிந்த லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதித் தட்டிவிட்டுப் பிறகு துடையுங்கள்.

படி 4: கையே அளவுகோல்

கையை முழுக்க நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடியுங்கள். அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை (டிகிரி). சுண்டு விரல் 1 பாகை. அடிவானத்தை ஒட்டிய நட்சத்திரத்தின் ஒளி தடித்த காற்றைக் கடந்து வருவதால் மங்கி, படபடவென மின்னும். ஒன்றரை முட்டி உயரம் ஏறட்டும், பிறகு பாருங்கள். மங்கலான ஒன்றை நேராக முறைக்காமல் சற்றே ஓரமாகப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

படி 5: பருவத்துக்கு ஒரு வானம்

எல்லாம் இரவு ஒன்பது மணிக் கணக்கு.

ஜனவரி, பிப்ரவரி: தொடங்க இதைவிட நல்ல காலம் இல்லை. ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரம் தெரிகிறதா? அது வேட்டைக்காரன் (ஓரியன்) என்னும் நட்சத்திர உருவத்தின் இடுப்புப் பட்டை. அதற்கு ஒரு பக்கம் சிவந்த திருவாதிரை, எதிர்ப்பக்கம் நீலவெண்மையான ரீகல். பட்டையிலிருந்து தொங்கும் வாளின் நடுவில் பைனாகுலரை நிறுத்துங்கள். பஞ்சுத் துணுக்கு போல ஒரு மங்கல் தெரியும். அங்கே இப்போதும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன; அந்த ஒளி புறப்பட்டு 1,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பட்டையின் கோட்டை ஒரு பக்கம் நீட்டினால் வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். மறுபக்கம் ரோகிணி, அதையும் தாண்டினால் சங்கப் பாட்டு அறுமீன் என்று சொல்லும் கார்த்திகைக் கொத்து. பைனாகுலரில் ஆறு எங்கே, எண்ணி மாளாது. தெற்கே கடல் உள்ளவர்களின் யோகம் அகத்தியர் (கேனோபஸ்) என்னும் நட்சத்திரம்: பிரகாசத்தில் இரண்டாமிடம். வடக்கே தள்ளி இருக்கும் ஊர்களில் நீர்மட்டத்தை ஒட்டியே தெரியும். 37 பாகை வட அட்சரேகைக்கு மேலே போனால் தெரியவே தெரியாது.

ஏப்ரல் கடைசி, மே: வடக்கே சப்தரிஷி மண்டலம். அதன் வால் வளைவை அப்படியே நீட்டினால் ஆரஞ்சு நிறச் சுவாதி, இன்னும் நீட்டினால் வெண்மையான சித்திரை. வாலின் நடுவில் ஒட்டி ஒட்டி வசிஷ்டரும் அருந்ததியும்; இரண்டும் தனித்தனியாகத் தெரிகிறதா? கண் பரிசோதனைக்கு இலவச ஏற்பாடு.

ஜூலை, ஆகஸ்ட்: விருச்சிகத்தின் நெஞ்சில் சிவப்பாகக் கேட்டை, கீழே கொக்கி போல வளைந்த வால். வாலுக்குக் கிழக்கே பால்வீதியின் மையம். இருட்டான கடல் தெற்கே இருந்தால் பால்வீதி புகைபோல நீரிலிருந்து எழும்பும். வடகோளத்தில் வெகுவாக வடக்கே தள்ளிய ஊர்களில் அப்போது ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகாது; பொறுத்திருக்க வேண்டும்.

அக்டோபர்: வானம் கொஞ்சம் வெறிச்சோடி இருக்கும், உண்மைதான். பூரட்டாதியின் இரண்டு, உத்திரட்டாதியின் இரண்டு, ஆக நான்கும் கட்டில் கால்கள் போலப் பெரிய சதுரமாக நிற்கும். அதன் ஒரு மூலையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை முட்டி தள்ளி ஆந்த்ரோமெடா விண்மீன் மண்டலம் (கேலக்ஸி), வெறும் கண்ணுக்கே ஒரு மங்கல் கீற்றாக. 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவு.

மாதங்கள் எங்கும் பொருந்தும். தென்கோளத்தில் மட்டும் வேட்டைக்காரன் தலைகீழாக நிற்பான், துருவ நட்சத்திரம் தெரியாது.

படி 6: விடிகாலை

ஒவ்வொரு நட்சத்திரமும் நாளுக்கு 4 நிமிடம் முன்னதாக உதிக்கும், மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஜனவரியில் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்தால், தலைக்கு மேலே இருப்பது மே மாதத் தொடக்கத்து ஒன்பது மணி வானம். வருடத்தில் ஒரே விடுமுறைதான் என்பவர்களுக்கு இதுதான் வழி. தோட்டக் கதவை அந்த நேரத்தில் யார் திறப்பார்கள் என்று முந்தின இரவே கேட்டுக்கொள்ளுங்கள்.